சந்தா

ஜனவரி இருபத்தொன்பது. ஏஜக்ஸ்.
வான் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கையில்
மின்னஞ்சல் வருகிறது:
'அன்புள்ள உறுப்பினரே, இன்னும் இரண்டு நாட்கள்.'
நானூற்று எண்பத்தைந்து டொலர். வரி வேறு.

இந்த நாட்டில் என்னை அன்புள்ள என்று அழைப்பவர்கள்
எல்லாருமே காசு கேட்பவர்கள்.

ஹீட்டர் சூடாக ஏழு நிமிடம் எடுக்கும்.
அந்த ஏழு நிமிடமும் நான்
முதலாளி, கணக்காளர், சட்டப் பிரிவு.
அதன் பிறகு
இரண்டு முழங்கால் மட்டும்.

போன வருடம் சங்கம் தந்தவை:
ஒரு கலண்டர், நான் போகாத ஏரிகளோடு.
கால்கரியில் ஏதோ ஹோட்டலில் பத்து வீதக் கழிவு.
ஜூலையில் கொல்ஃப்.
அன்று நான் மார்க்கத்தில் ஒரு குளியலறையில்
கொமோட் குழியைச் சுற்றி
அரைவட்டமாய் ஓடு வெட்டிக்கொண்டிருந்தேன்.
அதுவும் குழிதான்.
பந்துதான் இல்லை.

"சீட்டுக் கட்டினாலாவது
கழிவு போக ஒருநாள் கைக்கு வரும்"
என்கிறாள் செல்வமலர்,
ரசீதுகளைச் சப்பாத்துப் பெட்டியில் அடுக்கியபடி.

யூட் போன வருடமே விட்டுவிட்டான்.
"என்ன குறைஞ்சது? ஒண்டும் குறையேல்லை.
வேலை வாய்வழியாத்தான் வருது, மச்சான்."
சரிதான்.
அவனுக்கு ஆறு மைத்துனர்மார், ஆறு பேருக்கும் வீடு.
எனக்கு வாய்வழியாய் வருவது
'கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோவன்,
நாங்கள் ஒரே ஊர்தானே.'

பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு சங்கம் இருந்தது.
தகுதியுள்ளவன் வந்தால்
ஒரு முழம் நீண்டு இடம் கொடுக்குமாம் அதன் பலகை.
இந்தச் சங்கத்துப் பலகையும் நீளும்,
கடனட்டையின் முதுகில் உள்ள
மூன்று இலக்கங்களைச் சொன்னால்.
தரை மட்டமா,
ஷவர் மூலையில் தண்ணீர் தேங்குகிறதா
என்று எந்தப் புலவனும் கேட்பதில்லை.

ஆனால்
(இந்த ஆனால் வருமென்று தெரிந்துதான்
ஹீட்டரை முறைத்துக்கொண்டிருந்தேன்)
விட்பியில் ஒரு வீடு.
கீழ்த்தளம் முழுதும் முடித்துக் கொடுத்தபின்
ஓடு பிடிக்கவில்லை என்றார் வீட்டுக்காரர்.
அவரே தெரிவுசெய்த ஓடு.
ஏழாயிரத்து இருநூறு டொலர்.
மூன்று மாதம் அழைத்தேன்.
கோபம் வந்தால் என் ஆங்கிலம்
வினைச்சொற்களைக் கைவிட்டுவிடும்.

ஒரு வெள்ளி, ஐந்து மணி தாண்டிச்
சங்கத்துக்குக் கோல் எடுத்தேன்.
லோரேன் என்றொருத்தி.
குளிரங்கியில் ஒரு கையை நுழைத்திருந்தாள் போலும்,
துணி உரசும் சத்தம்.
பிறகு அது நின்றது.
முழுக்கக் கேட்டாள்.
என் பெயரை இரண்டு தரம் எழுத்துக்கூட்டினாள்.
திங்கள் ஒரு கடிதம் போனது,
ஒரே பக்கம், தலையில் முத்திரை.
வியாழன் காசு வந்தது.

அந்தக் கடிதத்தில்
நான் மூன்று மாதமாய்ச் சொன்னதற்கு மேல்
ஒரு சொல் இல்லை.
கடதாசிதான் வேறு.
இன்னமும் உறுத்துகிறது.
நன்றியையும் அவமானத்தையும்
ஒரே பசையில் ஒட்டிவிட்டார்கள்,
ஒன்றைப் பெயர்த்தால் மற்றது உடையும்.

போன கிழமை லோரேனைக் கேட்டு அழைத்தேன்.
ஓய்வு பெற்றுவிட்டாளாம்.
இப்போது ஒரு குரல் இருக்கிறது:
சந்தாவுக்கு ஒன்றை அழுத்து,
மற்றதெற்கெல்லாம் நான்கை அழுத்து.
நான்கில் பியானோ.

ஏழு நிமிடம் முடியவில்லை,
யூட் அழைக்கிறான். வணக்கமும் இல்லை.
"பிக்கரிங்காரன் காசு தாறானில்லை மச்சான்.
உங்கடை சங்கத்திலை
ஒரு கடிதம் போடுவினமெண்டு சொன்னனீ எல்லே?
உன்ரை பேரிலை எழுதேலாதோ?"

பிறகு பேசுவம் என்றேன்.

பின்கதவில் சங்கத்து ஸ்டிக்கர்,
குளிரில் ஒரு மூலை எழும்பி நிற்கிறது.
பெருவிரலால் அழுத்திப் பிடிக்கிறேன்.
விரல் இருக்கும்வரை
ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.